கொக்கின் குட்டைக் கால்

1

பள்ளித் தோழிகள் குழுவில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "கவிதா, நீ வேலை பார்த்த படம் வரப்போகுதாமே, அதுல நீ என்னடி பண்ணின?" நெய்வேலியை விட்டு பெங்களூருக்கு வந்து இத்தனை வருடமாகியும் என் வேலை என்னவென்று என் அம்மாவுக்கே புரியவைக்க முடியவில்லை. "பொம்மைப் படம் போடுறா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நடுவில் அடுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் போய்விட்டு வாருங்கள்.

நான் செய்தது ஒரு கொக்கு. அதை வரைந்தது நான் இல்லை, அதற்கு நடை கொடுத்தது மட்டும்தான் நான்.

படத்தில் ஒரு காடு வருகிறது. உலகத்தில் எங்குமே இல்லாத விலங்குகள் அதில் வாழ்கின்றன. அத்தனையும் இயந்திரங்கள். எப்போதோ யாரோ செய்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முதுகில் குடையை விரித்து மழையைப் பிடித்துக்கொள்ளும் மான்கள் உண்டு, அவற்றின் வயிறு தண்ணீர்த் தொட்டி. நெல் அரைக்கும் ஆமை ஒன்று. வானத்தில் ஊர்ந்து போகும் திமிங்கிலத்தின் வயிறு முழுக்க யாருக்கும் போய்ச் சேராத தபால். இவற்றோடு ஏரி தூர்வாரும் கொக்கு. பொக்லைனின் நீண்ட கைதான் அதற்குக் கழுத்து, மண் அள்ளும் வாளி அலகு. பிடரியில் சங்கிலிகள் தொங்கும், பின்னால் முதலை வால். மூன்று மாடி உயரம், இரண்டே கால்கள். அந்த ஏரி வற்றிப் பல காலமாகிவிட்டது. கொக்குக்கு அது தெரியாது. விடிந்ததும் வந்து தூர்வாரிவிட்டுப் போகிறது.

இதெல்லாம் உங்களுக்குப் பெரிய அதிசயமாக இருக்காது என்று எனக்குத் தெரியும். சுரங்கத்தின் விளிம்பில் நின்று, பள்ளத்துக்குள் ஊர்ந்துபோகும் அந்த ராட்சத இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். எது ஆண், எது பெண் என்று சண்டை போட்டிருக்கிறோம்.

சொல்ல வந்தது வேறு. அந்தக் கொக்கு என் கணவர் சேகரைப் போல நடக்கிறது. சேகர் போய் ஆறு வருடமாகிறது. உங்களில் சிலர் அப்போது வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

2

படத்தின் இயக்குநர் குளிர்தேசத்து அம்மாள் ஒருவர். நாங்கள் அவரைத் திரையில்தான் பார்த்திருக்கிறோம். எப்போதும் தோளில் ஒரு கம்பளி, கையில் ஒரு கோப்பை. உருவங்களை அங்கே வரைந்து அனுப்புவார்கள். அவற்றை நடக்கவும் பறக்கவும் திரும்பிப் பார்க்கவும் வைப்பது இங்கே கோரமங்கலாவில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் நாங்கள்.

வேலை தொடங்கிய அன்று அந்த அம்மாள் சொன்னார்: "இந்தக் காட்டில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எப்போதோ அடிபட்டிருக்கிறது. எங்கே அடிபட்டது என்பது அதன் நடையில் தெரியவேண்டும். வசனத்தில் சொல்ல மாட்டேன்."

நான் கொக்கை நடக்கவைத்து அனுப்பினேன், திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது. "மிகச் சுத்தமாக இருக்கிறது" என்று ஒரு குறிப்பு. எங்கள் தொழிலில் இதைவிட மோசமான வசவு கிடையாது.

எங்கள் குழுத் தலைவர் மஞ்சுநாத் மண்டியாக்காரர். சினிமா பார்த்தே தமிழ் கற்றுக்கொண்டவர், அதனால் கோபம் வந்தால் வசனம் மாதிரிப் பேசுவார். அன்று கோபப்படவில்லை. "மேடம், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து யோசனை பண்ணா வராது. எந்திரிச்சு நடங்க. கண்ணாடி எதுக்கு வச்சிருக்கோம்?" என்றார்.

எங்கள் கூடத்தின் மூலையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. குரங்கோ பூதமோ எதற்கு உயிர் கொடுப்பதானாலும் முதலில் நாங்களே அதன் முன்னால் நின்று செய்துபார்ப்போம். பிறகு அதைக் கைப்பேசியில் பிடித்துவைத்துக்கொண்டு அசைவை எடுப்போம். வளர்ந்த மனிதர்கள் தவளை மாதிரித் தாவுவதைப் பார்க்கவேண்டுமானால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து நான் கண்ணாடி முன் போனேன். அடிபட்ட நடை. என்ன அடி, எங்கே அடி? கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன், முதுகை வளைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு ஏனோ இடது காலை ஊன்றியபோது உடம்பை அந்தப் பக்கமாக இறங்கவிட்டேன். அடுத்த அடியில் நிமிர்ந்தேன். மறுபடி இறங்கினேன்.

கண்ணாடிக்குள்ளிருந்து சேகர் வந்தார். தோளில் எப்போதும் தொங்கும் கருவிப் பை மட்டும்தான் இல்லை. மற்றபடி அவரேதான், வேலை முடிந்து எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே தெருவில் வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தார். நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நிறுத்தினால் அவரும் நின்றுவிடுவார் என்று நிறுத்தவில்லை.

அவரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அல்சூரில் பிறந்து வளர்ந்தவர், லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் கால் ஒடிந்து, கட்டின கட்டு சரியாகக் கூடாமல், ஒரு கால் குட்டையாகிவிட்டது. "லிஃப்டு ரிப்பேரு பண்றவன் மட்டும் படியேறித்தான் போவணும், இன்னா கவி நம்ம தலையெழுத்து" என்று சொல்லிச் சிரிப்பார். புதுச் செருப்பு வாங்கினால் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருவரிடம் கொடுத்து ஒரு செருப்புக்கு மட்டும் அடியில் இன்னொரு தோல் வைத்துத் தைத்துவாங்குவார். இன்னும் கொஞ்சம் உயரம் வைத்தால் சாயாமல் நடக்கலாம் என்று நான் சொன்னால், "அப்பறம் மாடியில நீ எப்படி நான் வர்றதக் கண்டுபுடிப்ப?" என்பார். படியில் ஒரு அடி பலமாக, ஒரு அடி லேசாகக் கேட்கும். நான் அதற்குள் தோசைக்கல்லைப் போட்டுவிடுவேன்.

கொக்கின் நடை அம்மாளுக்குப் பிடித்துவிட்டது. "இதுதான். இதற்கு எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரிகிறது" என்று எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து பல மாதம் சேகர் என் திரையில் நடந்தார். எங்கள் வேலையில் நடையை முதலில் நின்ற இடத்திலேயே நடக்கவைத்துப் பார்ப்போம். கால்கள் போய்க்கொண்டே இருக்கும், உடம்பு திரையின் நடுவை விட்டு நகராது. காலையில் வந்து உட்கார்ந்தால் அவர் நடந்துகொண்டிருப்பார். டீ குடித்துவிட்டு வந்தால் நடந்துகொண்டிருப்பார். என்னைப் பார்த்தே வருவார், வந்து சேர மாட்டார். பக்கத்து இருக்கைப் பெண் ஒருநாள், "ஏன் மேடம், நிறுத்தாமலே விட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். சரிபார்க்கிறேன் என்று பொய் சொன்னேன்.

3

என் மகள் மதுவுக்கு இப்போது பதினொன்று. அப்பா போனபோது ஐந்து.

அவளைப் பற்றி ஊரில் எல்லோரும் கேட்பது, "தமிழ் பேசுதா?" என்பதுதான். பேசுகிறாள். பள்ளிக்கூடத்தில் கன்னடம், தோழிகளோடு ஆங்கிலம், என்னோடு தமிழ். ஆனால் அது நம் ஊர்த் தமிழ் இல்லை. "இன்னாமா", "ஸ்வல்ப தள்ளு", "உல்டாவா போட்டுக்கின" என்று எல்லாச் சரக்கையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவாள். ஈஜிபுராத் தெரு கற்றுக்கொடுத்த தமிழ் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். விடுமுறைக்கு நெய்வேலி போனால் அவள் மாமா பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதனால் இப்போது அங்கே வருவதையே குறைத்துக்கொண்டாள்.

அப்பாவைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. வருடத் திதியன்று படத்துக்குப் பூப்போடக் கூப்பிட்டால் வந்து போட்டுவிட்டு, "ஆய்தா? போவட்டா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். இந்த முறை பூவை என் கையில் கொடுத்து, "நீயே போடும்மா, எனக்கு ப்ராஜெக்ட் இருக்கு" என்றாள்.

நான் பின்னாலேயே போய்க் கேட்டுவிட்டேன். "மது, உனக்கு அப்பாவ ஞாபகம் இருக்கா?"

"கொத்தில்லம்மா" என்றாள். தெரியவில்லை என்று கன்னடத்தில் சொல்கிறாளாம். தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்று எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆள் போனதைத் தாங்கிக்கொண்டேன். அவளுக்குள்ளேயும் அவர் இல்லாமல் போய்விட்டால், அவரைச் சுமக்க இந்த ஊரில் நான் ஒருத்திதான் மிச்சம். அந்தச் சுவர்ப் படத்தில் இருப்பவர் அவளுக்கு யாரோ ஒரு மீசைக்காரர் என்று ஆகிவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அப்போது அது எனக்கு வெறும் எரிச்சலாக இருந்தது. தெருவில் நடக்கும்போது மது என் வலது பக்கம்தான் வருவாள். எங்கள் தெருவில் நடைபாதை என்று ஒன்று பேருக்குத்தான் இருக்கிறது. இடது ஓரமாக நடந்தால் வலது பக்கத்தில் ஆட்டோ, தண்ணீர் லாரி, உணவு கொண்டுபோகும் பையன்களின் வண்டி எல்லாம் உரசிக்கொண்டு போகும். அவளைப் பிடித்து இந்தப் பக்கம் இழுப்பேன். பத்தடி நடப்பதற்குள் எனக்குப் பின்னால் சுற்றி மறுபடி வலது பக்கம் வந்துவிடுவாள். "லாரி அடிச்சாத்தான் அடங்குவியா?" என்று நடுத்தெருவில் கத்தியிருக்கிறேன். பிடிவாதம், அப்படியே அவங்க அப்பா என்று நினைத்துக்கொள்வேன்.

4

பெங்களூருக்கு நான் வந்தது கல்யாணம் ஆகி. அதனால் இந்த ஊரில் என் பெயரில் எதுவும் இருக்கவில்லை. சமையல் எரிவாயு இணைப்பு சென்ற மாதம் வரை சேகர் பெயரில்தான் இருந்தது. முகவரி மாற்றப் போன இடத்தில் கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "யஜமானரு எல்லி மேடம்? அவரே பரபேக்கு" என்றார். வீட்டுக்காரர் எங்கே, அவர்தான் வரவேண்டும் என்கிறார்.

என் கன்னடம் கடையில் காய்கறி வாங்கும் கன்னடம். சாவைச் சொல்ல வேண்டி வரும் என்று நான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. போய்விட்டார் என்று சொல்வதாக நினைத்து, "ஹோகிதாரெ" என்றேன்.

"எல்லிகெ?" என்றார். எங்கே போயிருக்கிறாராம். வெளியூர் போயிருந்தால் வந்தபிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள், அவசரமில்லை என்று அன்பாகச் சொன்னார். எனக்குப் பின்னால் நீளமான வரிசை. நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுவாரம் இறப்புச் சான்றிதழோடு போனபோது அந்த மனிதர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார், பாவம். ஆனால் அந்த ஒரு வாரமும் சேகர் வெளியூர் போயிருப்பதாகவே எனக்குள் ஒரு பைத்தியக்கார நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. படியில் யாராவது கனமான பொருளைத் தூக்கிக்கொண்டு ஏறினால் ஒரு அடி பலமாகவும் ஒரு அடி லேசாகவும் கேட்கும். நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நிற்பேன்.

கல்யாணமான புதிதில் அவரை நெய்வேலிக்குக் கூட்டிவந்தபோது சுரங்கம் பார்க்க அழைத்துப்போனேன். பல்சக்கரம் சுழல, பெரிய இயந்திரம் சங்கிலிப் பட்டைகளில் சாய்ந்து சாய்ந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் இல்லையா, ஏதாவது தொழில் விஷயம் கேட்பார் என்று நினைத்தேன். "இதுவும் என்ன மாதிரியே தாங்கித் தாங்கித்தான் நடக்குது கவி. யாரு அடிச்சாங்களோ" என்றார்.

இதை நான் குளிர்தேசத்து அம்மாளுக்குச் சொன்னதில்லை.

5

படம் வெளிவருவதற்கு முன்னால் வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்குப் போட்டுக்காட்டுவது எங்கள் அலுவலக வழக்கம். ஒரு சனிக்கிழமை காலை. மதுவை அழைத்துப்போனேன். கொக்கு என்னுடையது என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது யாருடைய நடை என்று சொல்லவில்லை. அவளாகக் கண்டுபிடிக்கவேண்டும் என்று இருந்தது. கண்டுபிடித்தால் அவர் அவளுக்குள் இருக்கிறார் என்று அர்த்தம். அதற்காகத்தான் அவளைக் கூட்டிப்போனேன், ஒளிப்பானேன்.

கொக்கு வந்தது. வறண்ட ஏரிப் படுகை, விடியற்காலைப் புழுதி, தூரத்தில் சங்கிலிச் சத்தம். புழுதியைக் கிழித்துக்கொண்டு ஒரு கால், பிறகு உடம்பு இறங்க இன்னொரு கால். நேராகப் பார்வையாளர்களை நோக்கி வருகிறது. கூடத்தில் சின்னப் பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, மதுவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாப்கார்னை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே பிடித்திருந்தாள். புருவத்தைச் சுருக்கினாள். பிறகு பாப்கார்னைத் தின்றாள். ஆமை வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

வெளியே வந்ததும் மஞ்சுநாத் அவளிடம், "அம்மாவோட கொக்கரெ சூப்பரா?" என்று கேட்டார். "சூப்பர் அங்கிள்" என்றாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு உட்கார்ந்துகொண்டாள். பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அவர் இப்போது நிஜமாகவே போய்விட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல வலது பக்கம் வந்தாள். ஒரு ஆட்டோ உரசிக்கொண்டு போனது. எனக்கு இருந்த மனநிலையில் அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

"ஒரு தடவ சொன்னா கேக்க மாட்டியா? இந்தப் பக்கம் வா!"

கையை உதறிக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அந்தக் கொக்கு அப்பா மாதிரிதானே நடக்குது?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். "ஆமாடி கண்ணு. உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. ஆனா தப்பும்மா. உல்டா."

"என்ன உல்டா?"

"கால் மாத்தி வெச்சிருக்க. அப்பா அந்தப் பக்கம் சாய மாட்டாரு. என் பக்கம்தான் சாய்வாரு."

நான் சிரித்துவிட்டேன். ஐந்து வயதில் பார்த்தவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாளே என்று. "மது, நான் அவரோட பத்து வருஷம் இருந்தவ. எனக்குத் தெரியாதா?"

"நீ கையப் புடிச்சிக்கினு நடந்தியா?" என்றாள். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "நான்தான் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் என் கை கீழ போயி மேல வரும். ஊஞ்சல் மாதிரி இருக்கும். அந்தக் கைப் பக்கம் நின்னா வராது. இந்தப் பக்கம் நின்னாத்தான் வரும். அதான் நான் இந்தப் பக்கம் வருவேன்."

சொல்லிவிட்டு என் வலது பக்கத்தில் வந்து நின்றாள். தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இந்தத் தடவை நான் அவளை இழுக்கவில்லை.

6

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்த பையை இறக்கினேன். சேகரின் பொருள்களில் நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவை அதில் இருந்தன. கருவிப் பை, ஒரு ஸ்வெட்டர், கடைசியாகப் போட்டிருந்த செருப்பு. செருப்பை வெளியே எடுத்தேன். அடியில் இன்னொரு தோல் வைத்துத் தைத்தது வலது செருப்பில் இருந்தது.

என் தொழிலில் இந்தத் தவறுக்குப் பெயரே உண்டு, கண்ணாடித் தப்பு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. எதிரே வருகிறவரின் வலது கால் நம் இடது கைப் பக்கம் தெரியும். கண்ணாடியில் நம் இடது கைப் பக்கம் தெரிவது நம்முடைய இடது கால்தான். சேகர் எதிரே வருவதைத்தான் நான் எப்போதும் பார்த்தேன். வாசலில் நின்று பார்த்தேன், மாடியிலிருந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் அவரை வரவழைக்க என் இடது காலைச் சாய்த்தேன். கண்ணாடியில் பார்க்க அச்சு அசல் அவர் மாதிரியே இருந்தது. அதே இடது காலைத்தான் கொக்குக்கும் கொடுத்தேன். பிறகு மாதக்கணக்கில் அதையே பார்த்துப் பார்த்து, நிஜத்தில் அவருக்கு எந்தக் கால் என்பதே என் தலையிலிருந்து அழிந்துபோயிருக்கிறது. பெண் மறந்துவிட்டாள் என்று பயந்துகொண்டிருந்தேன், மறந்தது நான்.

திங்கட்கிழமை போனதும் மஞ்சுநாத்திடம் சொன்னேன். கால் மாறிவிட்டது, திருப்ப முடியுமா என்று கேட்டேன்.

"இப்பவா? எல்லாம் முடிச்சு அனுப்பியாச்சு மேடம். இனிமே ஒரு புழுதியக்கூட மாத்த முடியாது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லாத மிருகம் மேடம் அது. எந்தக் கால்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"என் பொண்ணுக்குத் தெரியும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

என் கணினியில் ஒரு பிரதி இருந்தது. இடதை வலதாக மாற்ற ஒரே ஒரு பொத்தான் போதும். அழுத்தினேன். கொக்கு சேகரின் சரியான காலில் சாய்ந்து நடந்தது.

அது யாரோ மாதிரி இருந்தது. எத்தனை நேரம் பார்த்தும் சேகர் வரவில்லை. ஒரு தகரக் கொக்குதான் நடந்தது. அப்போதுதான் புரிந்தது, இத்தனை மாதம் திரையில் என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது அவர் இல்லை. கண்ணாடி முன் நடந்த நான். அவரைப் போலச் சாய்ந்து சாய்ந்து நானே என்னைப் பார்த்து நடந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. திரையை அணைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

7

நீங்கள் எல்லோரும் படத்தைப் பார்ப்பீர்கள். கொக்கு வரும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம், இது கவிதா செய்தது என்று சொல்லிக்கொள்ளுங்கள். அது சேகர் என்று சொல்லவேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் டியூஷன் முடித்து வந்த மதுவை பஸ் நிறுத்தத்தில் போய் அழைத்துக்கொண்டேன். அவள் புத்தகப் பையை வாங்கி இடது தோளில் மாட்டிக்கொண்டு, வலது கையை நீட்டினேன். பதினொரு வயதுப் பெண் தெருவில் அம்மா கையைப் பிடிப்பாளா? என்ன என்பது போலப் பார்த்தாள்.

"அப்பா எப்படி நடப்பாரு? காட்டு" என்றேன்.

"நான் எப்படிக் காட்டறது? நான் கையப் புடிச்சிக்கினு வர்ற ஆளு. நீதான் நடக்கணும்."

அவள் பேசுவது ஈஜிபுராத் தமிழ் இல்லை, அல்சூர்த் தமிழ், சேகரின் தமிழ் என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது. இத்தனை வருடம் அதற்காகத்தான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வலது காலை ஊன்றி உடம்பை இறக்கினேன்.

"அவ்ளோ இல்ல" என்றாள். "ஸ்வல்ப கம்மி."

மறுபடி செய்தேன்.

"வேகமா எந்திரிக்காத. அவரு மெதுவா வருவாரு மேல." இயக்குநர் அம்மாளைவிட இவள் கெடுபிடியாக இருந்தாள். "தோளு விறைப்பா இருக்கு. விடு. ஆங், அப்படி."

அப்படியே நடந்தோம். இரும்புக்கடை, மாவுக்கடை எல்லாம் தாண்டி வந்தோம். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது, இடுப்பு வலித்தது. மது எதையும் கவனிக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, கையைத் தளர்வாக என் கையில் விட்டிருந்தாள். எனக்கு எதிரே யாரும் வரவில்லை. யாரும் எதிரே வரவேண்டும் என்றும் எனக்கு இருக்கவில்லை.

சிக்னலுக்கு முன்னால் பூ விற்கும் அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டாள். தினமும் பார்க்கிறவள். தொடுத்துக்கொண்டிருந்ததை மடியில் போட்டுவிட்டு, "இன்னாமா, கால்ல அடி பட்டுச்சா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மது சொன்னாள்: "இல்ல ஆன்ட்டி. எங்கப்பா இப்படித்தான் நடப்பாரு."

அவள் கை கீழே போய் மேலே வந்தது.